ஜாங் ஹீ-பின் கொடியவளா? – கொரிய நாடகமும் கொரிய வரலாறும்



கொரியத் தொலைக்காட்சி நாடகங்களைப் பற்றிய பேச்சு எழுந்துவிட்டால் ஆசிரியர் அறையில் இடைவேளை போதாமல் போய்விடுகிறது. 'அவள் ஏன் அப்படிச் செய்தாள்?' என்பதே பெரும்பாலும் வாதத்தின் மையம். 'டோங் யி' நாடகத்தில் வரும் ஜாங் ஹீ-பின்னைப் பற்றி நாங்கள் வாதிட்டதுபோல் வேறு எவரைப் பற்றியும் வாதிட்டதில்லை. பதவி வெறி பிடித்தவள் என்பார் ஒருவர். பெற்ற மகனைக் காக்கப் போராடியவள் என்பார் மற்றொருவர். அவள் கற்பனைப் பாத்திரம் அல்லள். மண்ணில் வாழ்ந்து மடிந்த பெண். ஆகவே இவ்வழக்கை வரலாற்றின் முன் வைத்துப் பார்ப்பதே முறை என்று கருதுகிறேன்.

நாடகங்கள் காட்டிய முகங்கள்

கொரியத் திரையுலகம் இப்பெண்ணை மீண்டும் மீண்டும் அழைத்து வந்திருக்கிறது. 1961-இல் அவளைப் பற்றித் திரைப்படம் வந்தது. 2002-இல் தொடங்கிய கேபிஎஸ் நாடகம் 100 பாகங்கள் ஓடியது. 2010-இல் எம்பிசி ஒளிபரப்பிய 60 பாக 'டோங் யி', அவளை அறிவும் கம்பீரமும் மிக்கவளாக அறிமுகப்படுத்திப் படிப்படியாக எதிரியாக்கியது. 2013-இல் வந்த எஸ்பிஎஸ் நாடகமோ அவளைக் காதலுக்காகவே வாழ்ந்தவளாகக் காட்டியது. ஒரே பெண், ஆனால், ஒவ்வொரு முறையும் வேறு நோக்கம்!

நடந்தது என்ன?

அவளது இயற்பெயர் ஜாங் ஓக்-ஜோங். 1659-இல் மொழிபெயர்ப்பாளர் குடும்பமொன்றில் பிறந்தாள். ஜோசோன் அரசில் 'யாங்பான்' என்போர் உயர்குடியினர். அவர்களுக்கு அடுத்த நடுத்தட்டைச் சேர்ந்தது அவளுடைய குடும்பம். அரண்மனைப் பணிப்பெண்ணாகச் சென்றவள், மன்னர் சுக்ஜோங்கின் (ஆட்சிக்காலம் 1674–1720) அன்பைப் பெற்றாள். மன்னரின் தாயார் அவளை வெளியேற்றினார். அவர் மறைந்த பின்னரே அவளால் திரும்பி வர இயன்றது.

அக்காலத்தில் அரசவை இரு பெருங்கட்சிகளாகப் பிளவுண்டிருந்தது. ஒன்று 'நாமின்' எனப்பட்ட தெற்கர் கட்சி. மற்றொன்று 'ஸோஇன்' எனப்பட்ட மேற்கர் கட்சி. அரசி இன்ஹியோன் மேற்கர் குடும்பத்தில் பிறந்தவர். ஜாங்கின் பக்கம் நின்றவர்கள் தெற்கர்.

1688-இல் ஜாங்குக்கு மகன் பிறந்தான். அரசிக்குப் பிள்ளை இல்லை. மறு ஆண்டே அக்குழந்தையை வாரிசு நிலைக்கு உயர்த்த மன்னர் முனைந்தார். எதிர்த்து மனு எழுதிய மேற்கர் தலைவரும் பேரறிஞருமான சோங் சி-யோல் நஞ்சு கொடுத்துக் கொல்லப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. அரசி இன்ஹியோன் பதவி பறிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டார். ஜாங் அரசியானாள்.

ஐந்தே ஆண்டுகளில் சக்கரம் சுழன்றது. 1694-இல் மன்னர் தெற்கரை விரட்டி மேற்கரை மீண்டும் அமர்த்தினார். இன்ஹியோன் அரியணைக்குத் திரும்பினார். ஜாங் 'ஹீ-பின்' என்ற துணைவி நிலைக்கு இறக்கப்பட்டாள். 1701-இல் இன்ஹியோன் நோயுற்று மறைந்தபோது, ஜாங் வழிபாட்டிடம் அமைத்துச் சூனியம் வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. உயிரை விடுமாறு மன்னர் ஆணையிட்டார். துணைவி எவரும் இனி அரசியாக உயர்த்தப்படலாகாது என்றும் அதே ஆண்டில் விதித்தார்.

எழுதுகோல் யார் கையில்?

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். ஜாங்கின் மனத்தில் இருந்ததை அவள் வாய்மொழியாகச் சொல்லும் ஏடு எதுவும் நம்மிடம் இல்லை. அவளைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அவளுடைய எதிரணியினர்.

கிம் மான்-ஜுங் என்னும் மேற்கர் கட்சி அறிஞர் கொரிய மொழியில் ஒரு புதினம் எழுதினார். நல்லாளாகிய மனைவியை வஞ்சகத் துணைவி வீட்டை விட்டுத் துரத்துவதும், பின்னர் உண்மை வெளிப்படுவதும் அதன் கதை. சீன நாட்டில் நடப்பதாக எழுதப்பட்டாலும், அது அரசி இன்ஹியோனின் நிலையைக் குறிப்பாலுணர்த்துவது என்றே நெடுங்காலமாகக் கருதப்பட்டு வருகிறது. இன்ஹியோனின் பெருமையைப் பாடும் வரலாற்று நூலொன்றும் மக்களிடையே பரவியது. இன்றைய நாடகங்களின் வில்லி இத்தகைய ஏடுகளில்தான் உருப்பெற்றாள்.

அரசவைக் குறிப்பேடாகிய 'ஜோசோன் மரபு ஆண்டேடுகள்' உலகப் புகழ் பெற்றவை. 1997-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றவை. ஆயினும், சுக்ஜோங் காலத்து ஏட்டைத் தொகுத்தவர்களும் கட்சிக்காரர்களே. மேற்கர் கட்சியே பின்னர் இரண்டாகப் பிளந்தது. ஒரு பிரிவு தொகுத்ததை மறு பிரிவு ஏற்காமல் திருத்தப் பகுதி சேர்த்தது. எனில், ஜாங்கின் நெஞ்சத்தை அவ்வேடுகள் நடுநிலையோடு அளந்திருக்கும் என எப்படி நம்புவது?

மறைந்து நிற்கும் நோக்கம்

நாடக வாதங்களில் நாம் பெண்களின் நோக்கத்தையே துருவுகிறோம். மன்னரின் நோக்கத்தை ஏன் கேட்பதில்லை? 1680, 1689, 1694 என மும்முறை அவர் ஆளுங்கட்சியை மாற்றினார். ஒவ்வொரு முறையும் ஒரு கட்சி வீழ்ந்தது. அரச அதிகாரம் வலுத்தது. பிந்தைய இரு மாற்றங்களிலும் அரசியின் இருக்கையும் சேர்ந்தே மாறியது. இதனை இரு பெண்களின் பொறாமைச் சண்டையாகச் சுருக்கினால், ஆணையிட்ட கரம் நம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

இதனால் ஜாங் குற்றமற்றவள் என்று நான் தீர்ப்பளிக்கவில்லை. உயர்வை அவள் விரும்பியிருக்கலாம். சூனியச் செயலும் நடந்திருக்கலாம். வெறும் காதலியாக அவளைக் காட்டும் நாடகமும் அவளை அரசியலிலிருந்து பிரித்தெடுத்துச் சிறியவளாக்கவே செய்கிறது. வில்லி என்பதும் காதலி என்பதும் எளிய விடைகள். அவள் வாழ்ந்த காலம் அத்துணை எளியதாக இருக்கவில்லை.

வீட்டிலும் வகுப்பிலும்

பிள்ளைகள் இத்தகைய நாடகங்களைப் பார்க்கும்போது மூன்று வினாக்களை எழுப்பிப் பாருங்கள்:

1. இக்கதையை முதலில் எழுதியவர் யார்? அவர் எந்தப் பக்கம் நின்றவர்?
2. பேச வாய்ப்பின்றிப் போனவர் யார்?
3. நடந்தவற்றால் பயன் பெற்றவர் யார்?

இவ்வினாக்களுக்குப் பழகிய மாணவன் வரலாற்றுப் பாடநூலையும் செய்தித்தாளையும் வேறு கண்ணோடு படிப்பான். சக மாணவன்மீது எழும் குற்றச்சாட்டையும் ஒரு பக்கம் மட்டும் கேட்டு நம்பமாட்டான்.

ஜாங்கின் மகன் 1720-இல் கியோங்ஜோங் என்னும் பெயரில் அரியணை ஏறினான்; நான்கே ஆண்டுகளில் மறைந்தான். தாயைக் கொல்ல ஆணையிட்ட தந்தையின் அரியணையில், தாயைக் குற்றவாளி என்ற அவையின் நடுவே அவன் அமர்ந்திருந்தான். அவன் நெஞ்சில் ஓடியதை எந்த நாடகம் முழுமையாகச் சொல்லிவிடும்?

ஜாங்கின் கல்லறை இருபதாம் நூற்றாண்டில் இடம் மாற்றப்பட்டு, சுக்ஜோங்கும் இன்ஹியோனும் துயிலும் அதே சொவோருங் கல்லறை வளாகத்தில் இன்று இருக்கிறது. அங்கே மூவரும் அருகருகே அமைதியாக உறங்க, வாதம் மட்டும் நம்மிடையே தொடர்கிறது. தொடரட்டும், ஆனால், சான்றுகளோடு தொடரட்டும்!