தெருவில் பெற்ற குடியுரிமை

ஊரின் வரலாறு என்றவுடன் கோட்டைகளையும் கொத்தளங்களையும் எண்ணுவது நம் வழக்கம். ஆயின் நகரத்தில் வாழும் மனிதன் நாள்தோறும் கண்டு மகிழ்வதும் வருந்துவதும் தன் தெருவைத்தான். எதிர்வீட்டார் தம் காரை எங்கே நிறுத்துகிறார், மூலையில் நிற்கும் மரத்தை வெட்ட விடலாமா, பக்கத்து மனையில் எத்தனை மாடி எழும்பப் போகிறது, நகரசபைக்கு இம்முறை யாரை அனுப்புவது என்றெல்லாம் மாலை வேளையில் நால்வர் கூடிப் பேசுகின்றனர். அதனை வெறும் வம்பு என்று ஒதுக்குவோர் உண்டு. ஆனால் அப்பேச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நமக்கு அது அறியத்தக்க வரலாறுமாகும். பம்பாய் என்று நெடுங்காலம் வழங்கி, 1995 முதல் மும்பை எனப் பெயர் பெற்ற நகரத்தின் மாதுங்காவைக் கொண்டு அதனைச் சிறிது ஆராய்வோம்.

1896-ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புக்களே அதற்குக் காரணம் என்று அந்நாளைய அரசினர் கருதினர். 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் நிறுவப்பட்டது. தாதர், மாதுங்கா, சயான் பக்கங்களில் வயலும் தோப்புமாகக் கிடந்த நிலத்தை அது சட்டத்தின் வழியே கையகப்படுத்தி, அகன்ற தெருக்களும் பூங்காக்களும் கொண்ட மனைகளாகப் பிரித்தது. டிரஸ்டு கையாண்ட விதிகளுள் ஒன்று 63½ பாகை விதி என்பது. ஓர் அறைக்கு எதிரே எழும் கட்டடம் எவ்வளவு உயரமோ, அதில் ஏறக்குறைய பாதி அளவாவது இடையில் வெற்றிடம் இருத்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து. வானத்தின் ஒரு பகுதி ஒவ்வொரு சன்னலுக்கும் உரிமையாயிற்று. ஆயினும், நெருக்கத்தில் வாடிய ஏழைத் தொழிலாளரை முன்னிட்டுத் தொடங்கிய இப்பணி, முடிவில் மாதச் சம்பளம் பெறும் நடுத்தர வகுப்பினருக்கே பெரிதும் பயன்பட்டது. யாருக்காக இந்தத் தெரு என்ற கேள்வி மாதுங்காவுடன் கூடவே பிறந்தது எனலாம்.

அந்த நடுத்தர வகுப்பினருள் நம்மவர் கணிசமானோர். ஆங்கிலமும் தட்டெழுத்தும் கணக்கும் கற்ற தென்னாட்டு இளைஞர்கள், ரயில்வே அலுவலகங்களையும் வர்த்தக நிறுவனங்களையும் நாடிப் பம்பாய்க்கு வந்தனர். 1920-களிலும் 1930-களிலும் மாதுங்காவில் மாடிக் கட்டடங்கள் எழுந்தபோது, பலர் அங்கே வாடகைக்குக் குடிபுகுந்தனர். கழிப்பறையும் குளியலறையும் வீட்டுக்குள்ளேயே அமைந்த 'பிளாட்' என்னும் புதுவகை வீடு அவர்களுக்குப் பழகிப்போயிற்று. 1923-இல் ஆஸ்திக சமாஜமும், 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் தோன்றின. 1952-இல் தொடங்கிய சண்முகானந்த சபை 1963-இல் தன் பெரிய அரங்கத்தைத் திறந்தது. கோயில், பள்ளி, சங்கீதம் ஆகிய மூன்றையும் நம்மவர் தாமே தேடி அமைத்துக்கொண்டனர். ஆனால் இவை பெரும்பாலும் நம்மவர் நம்மவரைச் சந்திக்கும் இடங்கள். குஜராத்தியரும் மராத்தியரும் பார்சிகளும் நாமும் ஒருவரையொருவர் சந்தித்தது தெருவில்தான். சில வேளைகளில் மோதிக்கொண்டதும் அங்கேதான்.

இந்த மோதலின் கடுமையான காலம் 1966-இல் வந்தது. அவ்வாண்டு ஜூன் 19-ஆம் நாள் பால் தாக்கரே சிவசேனையைத் தொடங்கினார். 1960 மே முதல் நாள் மகாராஷ்டிர மாநிலம் உதயமாகியும், அதன் தலைநகரத்து அலுவலகங்களில் மண்ணின் மைந்தருக்கு உரிய இடம் கிட்டவில்லை என்பது அவ்வியக்கத்தின் வாதம். அவருடைய 'மார்மிக்' வார இதழ், அலுவலகங்களில் பணிபுரிந்த தென்னாட்டாரின் பெயர்களைப் பட்டியலாக வெளியிட்டது. தென்னாட்டார் நடத்திய உணவு விடுதிகள் சில தாக்கப்பட்டன. வேலையற்ற மராத்தி இளைஞனின் மனக்குறை பொய்யானது அன்று. அதற்குரிய பொறுப்பைப் பக்கத்து வீட்டுக் குமாஸ்தாவின் தலையில் சுமத்தியதே தவறு. 1968-இல் நடந்த நகரசபைத் தேர்தலில் அக்கட்சி 42 இடங்களைப் பெற்றது. நாம் இவ்வூரார்தாமா என்ற வினாவை மாதுங்காத் தமிழர் தம் உள்ளத்தில் எழுப்பிக்கொண்ட காலம் அது. அந்த வினாவுக்குச் சொற்பொழிவுகளால் விடை கிடைத்துவிடவில்லை. அதே தெருவில் தொடர்ந்து வாழ்ந்து, அத்தெருவின் வழக்குகளில் பங்கு கொண்டதால் விடை மெல்ல மெல்ல உருவாயிற்று.

அவ்வழக்குகளுள் முதன்மையானது வண்டி நிறுத்தும் வழக்கு. டிரஸ்டு தெருக்களை வகுத்த நாளில் மோட்டார் வண்டி அரிதான பொருள். மக்கள் நடந்தனர், டிராமில் சென்றனர். 1874-இல் குதிரை இழுக்கத் தொடங்கி 1907-இல் மின்சாரம் பெற்ற பம்பாய் டிராம், 1964 மார்ச் 31-ஆம் நாள் தன் ஓட்டத்தை நிறுத்தியது. பின்னர் ஸ்கூட்டர்களும் கார்களும் பெருகின. வண்டிக்கென்று இடம் ஒதுக்காத பழைய மூன்றுமாடிக் கட்டடங்களின் முன்னே தெருவே கொட்டகையாயிற்று. கடைக்காரருக்கு வாடிக்கையாளரின் வண்டி நிற்கவேண்டும். மாடியில் குடியிருக்கும் முதியவருக்கு ஆம்புலன்ஸ் நுழைய வழி வேண்டும். மாலை கட்டி விற்கும் பெண்ணுக்கு உட்கார ஓரமாய்ச் சிறிது இடம் வேண்டும். மூவர் கேட்பதும் நியாயமே. தெருவின் அகலம் மட்டும் வளரவில்லை.

இவ்வழக்கில் மாதுங்கா வாசிகள் கண்ட ஒரு தீர்வு குறிப்பிடத்தக்கது. அம்பேத்கர் சாலையின் மீது மேம்பாலம் எழுந்தபின், அதன் கீழ்நிழல் வண்டிகள் நிற்கும் இடமாகவும் குப்பை சேரும் இடமாகவும் மாறியது. குடியிருப்போர் ஒன்றுகூடித் தம் செலவில் காவலாளிகளை அமர்த்தினர்; அவ்விடத்தைப் பூங்காவாக்கும்படி மாநகராட்சியை விடாது வேண்டினர். 2016-இல் நானாலால் மேத்தா பூங்கா அங்கே திறக்கப்பட்டது. நருமதை ஆற்றின் வளைவுகளைப் போல் அமைத்த நடைபாதை அதில் செல்கிறது. வண்டி நிறுத்தும் இடம் குறைந்ததே என்று வருந்தியோரும் இருந்திருப்பர். ஆயினும் முதியோரும் குழந்தைகளும் நடக்க ஓர் இடம் கிடைத்தது. பல மொழியினர் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்திடுவதற்கு ஒரு காரணமும் கிடைத்தது.

எல்லா வழக்கும் இவ்வாறு முடிவதில்லை. 1947-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருந்தோரைக் காத்தது. ஆனால் வருவாயற்ற உரிமையாளர் கட்டடத்தைப் பேணாமல் விட்டனர். இன்று அத்தகைய பழைய கட்டடங்களை இடித்து, கீழே பல அடுக்கு வண்டி நிறுத்தமும் மேலே உயர்ந்த கோபுரமுமாகக் கட்டும் போக்கு வலுத்துள்ளது. 2012-இல் தாதர், மாதுங்கா பகுதிகளைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கும் வரைவு வெளியானபோது குடியிருப்போர் இருபிரிவாயினர். ஒழுகும் கூரையின்கீழ் வாழ்வோர், "அழகைக் காப்பது எங்கள் செலவிலா?" என்றனர். மற்றவரோ, தெருவின் காற்றும் வெளிச்சமும் போய்விடுமே என்று அஞ்சினர். 63½ பாகை விதியின் பழைய கேள்வியே புதிய வடிவில் திரும்பி வந்தது.

இன்னொன்றையும் நாம் மறத்தல் ஆகாது. இருப்புப்பாதைக்கு மேற்கே தாராவி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடுதல் முதலிய கடுந்தொழில்களில் உழைத்த தமிழர் அங்கே தலைமுறைகளாக வாழ்கின்றனர். அவர்களுடைய சந்துகளில் கார் நிறுத்தும் வழக்குக்கு இடமில்லை, வீடே வழக்கு. 2004 முதல் பேசப்பட்டுவரும் சீரமைப்புத் திட்டத்தில், குறிப்பிட்ட நாளுக்கு முன் குடியிருந்தமைக்குச் சான்று காட்ட முடிந்ததா என்பதே இலவச வீட்டுக்கான உரிமையைத் தீர்மானிக்கும் பெருங்கேள்வியாயிற்று. ஒரே மொழி பேசும் இரு குடியிருப்புகள் ஒரு தண்டவாளத்தின் இருபுறமும் இருக்கின்றன. ஒன்று தெருவோரத்தில் காருக்கு இடம் கேட்கிறது. மற்றொன்று மனிதர்க்கு இடம் கேட்கிறது. முன்னதைப் பற்றிப் பேசும்போது பின்னதையும் நினைவில் வைத்தல் நம் கடமை.

இவ்வழக்குகளை எங்கே கொண்டு செல்வது? 1992-இல் நிறைவேறிய 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்கு வலிமை தர முற்பட்டது. பெருநகரங்களில் வார்டுக் குழுக்களுக்கும் வழி வகுத்தது. எனினும் 2022 மார்ச்சில் மும்பை மாநகராட்சி உறுப்பினரின் பதவிக்காலம் முடிந்தபின், சில ஆண்டுகள் தேர்தலின்றி அதிகாரிகளே நிர்வாகம் நடத்தினர். வாக்குக் கேட்டு வீட்டுக்கு வந்தவர் இல்லாதபோது, மனுக் கொடுக்கச் செல்லும் வாசலும் குறைந்துபோகிறது.

கல்கத்தாவில் ஆயினும், டில்லியில் ஆயினும், பெங்களூரில் ஆயினும் நம்முள் பலர் வாடகை வீட்டில், பிறர் மொழி வழங்கும் தெருவில் வாழ்கிறோம். "நமக்கேன் இந்த ஊர் வம்பு? இன்றோ நாளையோ ஊர் திரும்பப் போகிறவர்கள்தாமே" என்று சொல்லியே முப்பது ஆண்டு கழித்தவர்கள் உண்டு. மாதுங்காவின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. அவ்வூர் மொழியில் நாலு வார்த்தை தெளிவாகப் பேசக் கற்று, வார்டுக் கூட்டத்துக்குச் சென்று, அண்டை வீட்டாரின் நியாயத்தையும் கேட்டு, நம் நியாயத்தையும் சொல்லும் அளவுக்கே அந்த ஊர் நமதாகிறது. அடுத்த முறை தெருமுனையில் நால்வர் கூடிப் பேசும்போது, நாமும் ஐந்தாமவராகச் சென்று நிற்போமாக.