வெங்காயத்தை ஏமாற்றிய பூஞ்சை... பூஞ்சையை ஏமாற்றிய மனிதன்!

வெங்காயம் உரிப்பவரைத்தான் அழவைக்கும் என்பார்கள். பயிரிட்டவரையே அழவைக்கும் நோய் ஒன்றும் இருக்கிறது. அதன் பெயர் வெள்ளை அழுகல் நோய். வெங்காயம், பூண்டு குடும்பத்தை மட்டுமே தாக்கும்.

1841ல் இங்கிலாந்தில் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்ற பாதிரியார் இதற்குக் காரணமான பூஞ்சைக்குப் பெயர் வைத்தார்: 'ஸ்க்ளிரோஷியம் செபிவோரம்'. செபிவோரம் என்றால் லத்தீனில் 'வெங்காயம் தின்னி'! சில ஆண்டுகள் கழித்து, அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான உருளைக்கிழங்கு நோயும் பூஞ்சையால்தான் வருகிறது என்று வாதாடியவரும் இவரே.

முதலில் இலை மஞ்சளாகும். பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகியிருக்கும், அடியில் பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சை. அதில் கடுகை விடச் சிறிய கறுப்பு உருண்டைகள். உண்மையான வில்லன் இவைதான். பயிர் போன பிறகும் இவை மண்ணில் தூங்கிக்கொண்டிருக்கும். 20 வருடம் கழித்தும் உயிரோடு இருந்ததாக 1990ல் ஓர் ஆய்வு வெளியானது. மூன்று நான்கு வருடம் பயிரை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்ற கணக்கு இங்கே எடுபடாது. 10 கிலோ மண்ணில் ஓர் உருண்டை இருந்தாலே நோய் தொடங்கலாம். அப்பா வாங்கிய கடனை மகன் கட்டுவது போலத்தான்!

மெத்தில் புரோமைடு புகையால் மண்ணைச் சுத்தம் செய்தார்கள். செலவு அதிகம். ஓசோன் படலத்தையும் அது கெடுத்ததால், மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி வளர்ந்த நாடுகளில் 2005ல் சில விலக்குகளுடன் நிறுத்தப்பட்டது.

சரி, தூங்கும் உருண்டைக்கு வெங்காயம் வந்தது எப்படித் தெரிகிறது? இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கோலி-ஸ்மித் குழுவினர் 1960களில் விடை கண்டார்கள். வெங்காய வேர் கசியவிடும் கந்தகப் பொருளை மண்ணிலுள்ள பாக்டீரியா வாசனையாக மாற்றுகிறது. அந்த வாசனைதான் அலாரம்!

அப்படியென்றால் வெங்காயமே இல்லாமல் வாசனையை மட்டும் காட்டினால்? பூண்டு வாசனையுள்ள டை அல்லைல் டைசல்பைடை வெறும் நிலத்தில் செலுத்தினார்கள். உருண்டைகள் விருந்து என்று நம்பி முளைத்தன. சாப்பிட ஒன்றுமில்லை, பட்டினியால் செத்தன. சோதனைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன.

ஆனால் மிச்சமுள்ள சிலவே போதும், அடுத்த பயிரைக் கெடுக்க. எனவே பூஞ்சைக்கொல்லியும் தேவைப்படுகிறது. நோய் காற்றில் பரவுவதில்லை. டிராக்டர் சக்கரம், செருப்பு மண், விதைப் பூண்டு, ஓடும் நீர் இவற்றோடு போகிறது. அதனால்தான் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் இந்த நோய்க்கென்று விதி வைத்திருக்கிறது.

சக்கரத்தைக் கழுவ ஆகும் செலவு சில நிமிடம். கழுவாமல் விட்டால் ஆகும் செலவு ஒரு தலைமுறை. எது லாபம் என்று சொல்ல கால்குலேட்டர் வேண்டுமா என்ன?