ஓய்வு பெறாத துப்பாக்கி

மன்னர்கள் மறைகின்றனர்; கொடிகள் மாறுகின்றன; போர்க்கருவிகளோ எளிதில் ஓய்வு பெறுவதில்லை. அவற்றைச் செய்வித்த பேரரசு சரிந்த பின்னும் வேறு கைகளில் அவை வாழ்கின்றன. இதற்கு லீ என்ஃபீல்டு துப்பாக்கி தக்க சான்றாகும்.

ஸ்காட்லாந்தில் பிறந்து வட அமெரிக்காவில் வாழ்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பார் வகுத்த பொறியமைப்பைக் கொண்டது இத்துப்பாக்கி. லண்டனுக்கு வடக்கேயுள்ள என்ஃபீல்டு ஆயுதச்சாலையின் பெயரும் அதனுடன் சேர்ந்தது. பிரிட்டிஷ் படை 1895இல் இதனை ஏற்றுக்கொண்டது. குழலின் அளவு .303 அங்குலமாதலின், மக்கள் இதனைத் ‘திரீ நாட் திரீ’ என்றே அழைத்தனர். ஒருமுறை சுட்டபின், தாழைக் கையால் இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். எனினும் தாழ் விரைந்து இயங்குவதால், பயிற்சி பெற்ற வீரன் நிமிடத்திற்குப் 15 முறை குறிபார்த்துச் சுட வல்லவனானான். இரண்டு உலகப் போர்களிலும் இதுவே பிரிட்டிஷ் காலாட்படையின் துணை. வங்காளத்து ஈசாப்பூர் ஆயுதச்சாலையிலும் இது உருவாயிற்று.

மலாயாவும் இதனை நன்கு அறியும். 1948இல் அவசரகாலம் தொடங்கியபோது, ரப்பர் தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காத்து நின்ற சிறப்புக் காவலர் தோள்களில் தொங்கியது இத்துப்பாக்கியே. காட்டுப் போருக்கெனக் குழல் குறுக்கப்பட்ட வகையும் இங்குப் பயன்பட்டது.

1950களில் பிரிட்டிஷ் படை, தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் புதிய துப்பாக்கிக்கு மாறத் தொடங்கியது. அத்துடன் பழையதன் கதை முடிந்ததா? இல்லை, அது இரு வேறு நாடுகளில் இரு வேறு வகையாகத் தொடர்ந்தது.

கனடாவின் வடபுலப் பனிவெளிகளைக் கண்காணிக்க 1947இல் ‘ரேஞ்சர்கள்’ என்னும் தொண்டர்படை அமைந்தது. கடுங்குளிரிலும் இயங்குவது, பனிக்கரடியிடமிருந்து உயிர் காப்பது என்பதால் அவர்கள் இதனை விடாது வைத்திருந்தனர். உதிரிப்பாகங்கள் அரிதானமையால் 2018 முதல் புதியது வழங்கப்பட்டது. அப்புதியதும் கையால் தாழ் இழுக்கும் வகையே! பழைய முறை அந்நிலத்திற்குப் பொருந்தியது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இந்தியாவின் வரலாறு வேறு. 1962இல் இமயமலையில் சீனரின் தானியங்கித் துப்பாக்கிகளை எதிர்கொண்ட இந்திய வீரர் பலர் ஏந்தியிருந்தது இப்பழைய துப்பாக்கியே. அதன்பின் இராணுவம் புதியதற்கு மாறியது. காவல் துறையோ பழையதையே சுமந்தது. 2008 நவம்பர் 26ஆம் நாள் மும்பை சத்திரபதி சிவாஜி இரயில் நிலையத்தில், இரு பயங்கரவாதிகள் ஏ.கே. துப்பாக்கிகளால் ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். அங்கிருந்த காவலர் சிலரிடம் இருந்தவை ‘திரீ நாட் திரீ’. வேறு சிலரிடம் வெறும் தடி. இருந்தும் சிலர் எதிர்த்து நின்றனர். உத்தரப் பிரதேசக் காவல் துறை இத்துப்பாக்கிக்கு விடைகொடுத்தது 2020 குடியரசு நாள் அணிவகுப்பில்தான்.

துப்பாக்கி ஒன்றே, பயன் வேறு. கனடாவில் அது தேர்ந்து வைத்த பழமை; மும்பையில் மாற்றாது விட்ட பழமை. முன்னதைச் சிக்கனம் எனலாம். பின்னதன் விலையைக் கருவூலம் கொடுப்பதில்லை. காவலுக்கு நிற்கும் எளியவனே தன் உயிரால் கொடுக்கிறான். பழங்கருவியைப் போற்றுமுன், அதனை ஏந்தி நிற்பவனை எண்ணிப் பார்த்தல் ஆள்வோர் கடனாகும்.