இரண்டு கடை இருந்தால்தான் நியாய விலை

பேரன் வீடியோ கேம் ஆடுவதைப் பார்த்து, அதன் வரலாற்றைக் கொஞ்சம் படித்தேன்.

2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், போட்டி நிறுவனமான டேக்-டூவைப் பங்குக்கு 26 டாலர் என்று விலைக்குக் கேட்டது. மொத்தம் ஏறத்தாழ 200 கோடி டாலர். டேக்-டூ மறுத்ததும், நேரே பங்குதாரர்களிடமே போனது.

ரசிகர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. காரணம், பழைய சூடு. 2004-ல் என்எஃப்எல் 2கே5 என்ற அமெரிக்கக் கால்பந்து கேம் வெறும் 20 டாலருக்கு வந்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸும் தன் மேடன் கேமை 50-லிருந்து 30 டாலராகக் குறைத்தது. ஆனால் அந்த டிசம்பரிலேயே என்எஃப்எல் உரிமத்தைத் தனக்கு மட்டும் என்று வாங்கிக்கொண்டது. போட்டி முடிந்தது. 2கே5-ஐ உருவாக்கிய குழு பின்னர் டேக்-டூவிடம் சேர்ந்தது. அதுவும் போய்விட்டால் கூடைப்பந்து கேமுக்கும் இதே கதிதான் என்று அஞ்சினார்கள்.

ஏப்ரல் 29-ல் டேக்-டூவின் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4 வெளிவந்தது. ஒரே வாரத்தில் 50 கோடி டாலருக்கு விற்றது. பெரும்பாலான பங்குதாரர்கள் பங்கை விற்கவில்லை. செப்டம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் பின்வாங்கியது.

ரசிகர்களுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் டேக்-டூவின் மதிப்பைக் காட்டியது அவர்கள் கடையில் கொடுத்த காசுதான். இந்தத் துறையில் வேலை செய்யும் என் மாணவர்கள் என்ன நினைக்கிறீர்கள்? எழுதுங்கள்.