சுருல் ஊர் கற்பித்த பாடம்

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஓர் ஊர் தன் நோயையும் வறுமையையும் எதிர்த்து எழுந்த கதையும் வரலாறே ஆகும். வங்கத்தின் பீர்பும் மாவட்டத்தில், சாந்திநிகேதனுக்கு அருகே உள்ள சுருல் என்னும் ஊரில் நிகழ்ந்த அத்தகைய கதையொன்றை ஈண்டு நினைவு கூர்வோம்.

இரவீந்திரநாத தாகூரைக் கீதாஞ்சலி பாடிய கவிஞராகவே நம்மில் பெரும்பாலோர் அறிவோம். பத்மா நதிக்கரையில் குடும்ப நிலங்களை மேற்பார்த்து வந்த காலத்திலேயே உழவர் துயரை நேரில் கண்டவர் அவர். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் சட்டம் பயிலக் கடல் கடந்த அந்நாளில், தம் மகன் ரதீந்திரநாதரை 1906ஆம் ஆண்டில் வேளாண்மை கற்க அமெரிக்காவுக்கு அனுப்பினார். 1912இல் சுருலில் ஒரு பழைய மாளிகையையும் அதைச் சார்ந்த நிலத்தையும் வாங்கினார். 1922 பிப்ரவரி 6ஆம் நாள் அங்கே கிராமப் புனரமைப்புப் பணி தொடங்கிற்று. அதுவே ஸ்ரீநிகேதன் எனப் பெயர் பெற்றது.

பணியை முன்னின்று தொடங்கியவர் லியனார்டு எல்ம்ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலேயர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை கற்றவர். கழிவகற்றும் வேலையை இழிவென்று எண்ணிய காலம் அது. அவரோ தாமே வாளியைத் தூக்கினார். கழிவை மண்ணுக்கு எருவாக்கும் முறையை மாணவர்களுக்குச் செய்து காட்டினார். ஊரின் பகைவர் மூவர் என்பது அவர் கணிப்பு: குரங்குகள், மலேரியா, ஒருவர் மீது ஒருவருக்குள்ள அவநம்பிக்கை. முதலிரண்டை விரட்ட வழியுண்டு. மூன்றாவதை விரட்டுவது எங்ஙனம்?

அதற்கு விடையாக அமைந்தவர்கள் ஊர்ச் சிறுவர்களே. காளிமோகன் கோஷ் முதலிய தொண்டர்களின் வழிகாட்டலில் 'விரதி பாலகர்' என்னும் சிறுவர் படை உருவாயிற்று. தீப்பிடித்த இடத்திற்கு ஓடுதல், கொசு பெருகும் குட்டைகளைக் கவனித்தல், கொயினா வழங்குதல், திருவிழாக்களில் தொண்டு செய்தல், காய்கறித் தோட்டம் போடுதல் ஆகியன அவர்தம் பணிகள். இதன் நுட்பம் எண்ணத் தக்கது. பண்ணையில் விளைந்ததைப் 'பணத்தின் வலிமை' என்று உழவர் ஒதுக்கிவிடலாம். தன் மகன் தன் கொல்லையில் விளைவித்ததை எந்தத் தந்தை ஒதுக்குவார்? புதிய அறிவு ஊருக்குள் நுழையும் வாயில் வீட்டுப் பிள்ளையே என்பதைச் சுருல் உணர்த்திற்று. அவ்வழியிலேயே 1924இல் சிட்சா சத்திரம் என்னும் பள்ளியும் தோன்றிற்று. கிராமப் பிள்ளைகள் கைத்தொழிலோடு கல்வி பயின்றனர்.

குறைகளையும் மறைத்தல் தகாது. டோரதி ஸ்ட்ரெயிட் என்னும் அமெரிக்கப் பெருமாட்டியின் நன்கொடை இப்பணிக்குப் பெருந்துணையாக இருந்தது. அத்தகைய துணை எல்லா ஊர்களுக்கும் வாய்ப்பதன்று. பணி நடந்த ஊர்களும் சிலவே. ஒன்றிரண்டு ஊர்களேனும் தம் காலில் நிற்குமாயின் அதுவே போதும் என்பது கவிஞரின் எண்ணம்.

விடுதலைக்குப் பின் அரசு இப்பணியை நாடு முழுமைக்கும் விரித்தது. 1952 அக்டோபர் 2ஆம் நாள் 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. மறு ஆண்டு தேசிய விரிவாக்கப் பணி பிறந்தது. விதையும் உரமும் புதிய முறைகளும் கிராம சேவக் வழியாக ஊர்களை அடைந்தன. ஆயினும், மக்கள் தாமே முன்வரும் ஊக்கத்தைத் திட்டம் எழுப்பவில்லை என்று 1957இல் பல்வந்தராய் மேத்தா குழு கண்டது. ஊராட்சி அமைப்புகளிடம் பொறுப்பை ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. பல ஊர்களைத் தன் பொறுப்பில் சுமக்கும் ஓர் ஊழியர், அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு ஈடாக இயலுமா? பணம் பெருகிற்று, ஊரின் நம்பிக்கை அதே அளவில் பெருகவில்லை.

பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. எல்ம்ஹர்ஸ்ட் சுருலுக்கு அந்நியர். மொழியும் வேறு, நிறமும் வேறு. ஊரார் செய்யத் தயங்கிய வேலையைத் தம் கையால் செய்தே அவர் அவர்களிடையே இடம்பெற்றார். நம் சங்கங்களின் இளைஞர் விழா மேடையோடு அமையாது, தாம் வாழும் ஊரின் குளத்திற்கும் பள்ளிக்கும் தோட்டத்திற்கும் தோள் கொடுப்பாராயின், அவ்வூர் அவர்களைத் தன் பிள்ளைகளாகவே கொள்ளும்.