ஹெமரோகாலிஸ்

வீட்டுத் தோட்டங்களில் டேலில்லி என்று வளர்க்கும் செடியின் தாவரவியல் பெயர். கிரேக்கத்தில் ‘ஹெமெரா’ பகல், ‘காலோஸ்’ அழகு. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் தம் நூலில் இப்பெயரைப் பதித்தார். பொருத்தமான பெயர்! காலையில் விரியும் பூ இரவுக்குள் துவண்டுவிடும். ஆனால் ஒரே தண்டில் மொட்டுகள் அடுத்தடுத்து முறை வைத்து மலர்வதால் செடி வாரக்கணக்கில் பூத்திருக்கும். வாடியதை மறுநாள் கிள்ளிவிட வேண்டியதுதான்.

லில்லி என்றாலும் அந்த இனமல்ல. லில்லிக்கு மண்ணுக்கடியில் குமிழ். இதற்குச் சதைப்பற்றான வேர்க்கொத்து. நெருங்கிப் புதரானதும் தோண்டிப் பிரித்து நடலாம்.

தாயகமான சீனாவில் இதற்குக் ‘கவலை மறக்கும் செடி’ என்றும் பெயர். மொட்டுகளை உலர்த்திப் ‘பொன் ஊசி’ என்று சமைக்கிறார்கள். அதற்கென வளர்க்கும் சிட்ரினா இனமோ மாலையில்தான் மலர்கிறது.