கொதிகலமும் பம்பும்: ஒரு சுமை இறங்கிய வரலாறு

திருச்சபையின் உரோமைச் சடங்கு நூலில் பீருக்கென்று தனியே ஓர் ஆசீர் மன்றாட்டு உண்டு. இதைச் சொன்னால் நம் பங்கு மக்களில் பலர் நம்ப மறுப்பார்கள். குடியால் சிதைந்த குடும்பங்களின் கண்ணீரை அன்றாடம் காணும் நம் மண்ணில் அந்த மறுப்பு நியாயமானதே. ஆனால் திராட்சை விளையாத வட ஐரோப்பாவின் குளிர் நிலங்களில், வாற்கோதுமையைக் காய்ச்சிப் புளிக்கவைத்த பானம் உணவின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரையப்பட்ட மடத்து வரைபடம் ஒன்று சுவிட்சர்லாந்தின் புனித கால் மடத்து நூலகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அதில் துறவியருக்கு ஒன்று, உயர்குல விருந்தினருக்கு ஒன்று, திருப்பயணிகளுக்கும் ஏழைகளுக்கும் ஒன்று என மூன்று காய்ச்சுமனைகள் குறிக்கப்பட்டுள்ளன. ஏழைக்கும் தனியே ஓர் அடுப்பு!

நாம் இங்கு எழுத முனைவது அந்தப் பானத்தைப் பற்றியன்று. அதைக் கலத்துக்குக் கலம் தூக்கிச் சுமந்த கைகளைப் பற்றியும், அக்கைகளின் சுமையை இறக்கிய பம்பு என்னும் எளிய கருவியைப் பற்றியுமே.

காய்ச்சும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை நொறுக்கி, ஏறத்தாழ 65 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்தால், அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் இட்டுப் புளிக்க விடுவார்கள். ஆக, வெந்நீர் ஊறற்கலத்துக்கும், சாறு கொதிகலத்துக்கும், கொதித்த சாறு ஆறுகலத்துக்கும், ஆறியது புளிகலத்துக்கும் செல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் தூக்கியாக வேண்டும். இடைக்கால இங்கிலாந்தில் அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் ஒரு பெண். அகப்பையும் வாளியுமே அவள் கருவிகள். கொதிக்கும் சர்க்கரைச் சாறு தோலில் பட்டால் வெறும் வெந்நீர் போல வழிந்தோடிவிடாது, ஒட்டிக்கொண்டு சுடும். வெல்லப்பாகு காய்ச்சும் நம் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் மாநகரின் காய்ச்சாலைகள் பேருருவம் கொண்டன. மனிதர் தூக்கித் தீராத அளவுக்குச் சாறு பெருகியபோது சுமை குதிரையின் கழுத்துக்கு மாறியது. நம் செக்குமாடுகளைப் போல, குதிரைகள் வட்டம் சுற்றி நடந்து ஆலைகளையும் பம்புகளையும் இயக்கின. பிறகு நீராவி வந்தது. சாமுவேல் விட்பிரெட் என்பவரின் சிஸ்வெல் தெருக் காய்ச்சாலையில் 1785ஆம் ஆண்டு, போல்ட்டனும் வாட்டும் செய்தளித்த நீராவி இயந்திரம் நிறுவப்பட்டது. மால்ட்டை நொறுக்கும் உருளைகளைச் சுழற்றியது அது. பீரை ஏற்றும் பம்பை ஓட்டியதும் அதுவே. 1787இல் மன்னர் மூன்றாம் ஜார்ஜும் அரசியாரும் நேரில் வந்து பார்த்துச் சென்றனர். நூறாண்டுக்கும் மேலாக, 1887 வரை, ஓய்வின்றி உழைத்த அவ்வியந்திரம் பின்னர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஜேம்ஸ் வாட் தம் இயந்திரங்களின் வலிமையை ஆலைக் குதிரையின் உழைப்போடு ஒப்பிட்டே விலை பேசினார்: ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்துவது ஒரு குதிரைத்திறன். நம் வயல்களில் ஐந்து குதிரை மோட்டார் என்று சொல்லும்போது, பெயரில் மட்டும் எஞ்சியிருக்கும் அந்த வாயில்லாச் சீவன்களை நாம் நினைப்பதில்லை.

மதுக்கடையின் நிலவறையிலிருந்து பீரை மேலே ஏற்றும் கைப்பம்புக்கு ஜோசப் பிராமா 1797இல் காப்புரிமை பெற்றார். பணியாள் படியிறங்கி ஏறும் வேலை குறைந்தது. ஆனால் அந்நாளில் பானம் ஏறிவர ஈயக்குழாய்கள் பயன்பட்டன. புளிப்பேறிய பானம் இரவு முழுவதும் குழாயில் தங்கினால் ஈயம் அதில் கரையும். காலையில் முதலில் இறைக்கப்படுவது நஞ்சு கலந்ததாகவே இருக்கும். முதுகின் பாரத்தை இறக்கிய கருவியே, எதனால் செய்தோம் என்று பாராமல் விட்டதால், குடிப்பவனின் குருதியில் வேறொரு பாரத்தை ஏற்றியது.

இந்த இடத்தில் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பம்பு என்பது நீரை ‘உறிஞ்சி இழுக்கும்’ கருவி என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். அது உண்மையன்று. உறிஞ்சும் பம்பு ஏறத்தாழ 18 முழத்துக்கு மேல் நீரை ஏற்றாது என்பதை 1638இல் வெளியான தம் நூலில் கலிலேயோ குறித்தார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. அவருடைய மாணவரும் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியுமான பெனதெத்தோ காஸ்தெல்லியிடம் உதவியாளராக இருந்தவர் தொரிச்செல்லி. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றுக்கடலின் எடையே நீரைக் குழாயினுள் தள்ளுகிறது, பம்பு வெற்றிடத்தை மட்டுமே உண்டாக்குகிறது என்று 1640களில் விளக்கியவர் அவரே. காற்றின் எடை தாங்கும் நீர்த்தூணின் உயரம் சுமார் 10 மீட்டர். ஆழக் கிணறுகளில் மோட்டாரை மேலே வைக்காமல் உள்ளே மேடை கட்டி இறக்கி வைத்ததன் காரணமும் இதுவே.

இன்று வீடுகளில் பயன்படும் சிறு பம்புகளுக்கு மூதாதையான சுழல்சக்கரப் பம்பை 1689இல் விவரித்தவர் தெனி பாப்பேன். 1679இல் பிரஷர் குக்கரின் முன்னோடியைச் செய்தவரும் இவரே. பிரான்சில் பிறந்த சீர்திருத்தச் சபைக் கிறிஸ்தவர். 1685இல் கத்தோலிக்க மன்னர் பதினான்காம் லூயி அச்சபையினருக்கு வழங்கப்பட்டிருந்த உரிமையைப் பறித்தபோது, தாயகம் திரும்பும் வழி அவருக்கு அடைபட்டது. இறுதியில் லண்டனில் வறுமையில் மறைந்தார். தலைகுனிந்தே நாம் படிக்க வேண்டிய பக்கம் இது.

இனி வீட்டுக்கு வருவோம். இங்கிலாந்தில் 1880 முதல் நடப்பிலிருந்த வீட்டுக் காய்ச்சல் உரிம முறை 1963இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் விலகியபோது வீட்டில் திராட்சை இரசம் செய்ய இடமிருந்தது; பீருக்கு இடமில்லை. 1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம், ஆண்டுக்கு ஒருவருக்கு 100 காலன், ஒரு குடும்பத்துக்கு 200 காலன் என வரம்பிட்டு வரியின்றிக் காய்ச்ச வழிவிட்டது. மிசிசிப்பி, அலபாமா மாநிலங்கள் 2013இல்தான் இசைந்தன. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் உரிமமின்றி மது தயாரிப்பதைக் குற்றமாகவே வைத்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுவது நம் கடமை.

அந்நாட்டு வீட்டுக் காய்ச்சாளர்கள் முதலில் மூன்று அடுக்கு மேடை கட்டினார்கள். மேலிருந்து கீழே சாறு தானே இறங்கும். ஆயினும் மேலடுக்குக்கு நீரை ஏற்ற வேண்டுமே! ஐந்து காலன் என்றால் ஏறத்தாழ 19 கிலோ. தலைக்கு மேல் கொதிநீர்க் கலம் இருப்பதன் ஆபத்தும் தெரிந்ததே. இங்குதான் காந்தத்தால் இயங்கும் சிறு பம்பு வந்து சேர்ந்தது. இதில் மோட்டாரின் தண்டு சாறு ஓடும் அறைக்குள் நுழைவதில்லை. வெளியே ஒரு காந்தம் சுழல, இடைச்சுவருக்கு அப்பால் சக்கரத்தோடு பிணைந்த காந்தம் தானும் சுழல்கிறது. தண்டு நுழையும் துளை இல்லாததால் அவ்வழியே கசிவில்லை; மசகு எண்ணெய் பானத்தில் கலக்கவும் வழியில்லை. தேர்ந்தெடுக்கும்போது ஈயக்குழாயின் பாடம் நினைவில் நிற்க வேண்டும். பம்பின் தலைப்பகுதி துருப்பிடிக்காத எஃகாகவோ, கொதிநிலையைத் தாங்கும் பாலிசல்ஃபோன் பிளாஸ்டிக்காகவோ இருத்தல் நலம். குழாய் உணவுக்குரிய சிலிக்கோன். பழைய சலவை இயந்திரத்துப் பம்பைக் கழற்றி மாட்டுவது சிக்கனமன்று, அசட்டுத்துணிச்சல்.

பொருத்திய பின் வரும் புகார்களில் மிகுதியானவை தொரிச்செல்லியிடமே நம்மைத் திருப்பி அனுப்புகின்றன. “பம்பு ஓடுகிறது, சாறு வரவில்லை” என்றால் உள்ளே காற்று தங்கியிருக்கிறது. இவ்வகைப் பம்பு காற்றை வெளியேற்றித் தானே நிரப்பிக்கொள்ளாது. கிணற்று மோட்டாருக்கு நீர் ஊற்றி ஓட்டுவதுபோல, முதலில் சாறு தானே இறங்கி நிரம்ப விட்டு, அதன் பிறகே விசையைப் போட வேண்டும். எனவே பம்பின் இடம் கலத்துக்குக் கீழே. வெளிவாய் மேல்நோக்கி இருந்தால் காற்றுக் குமிழிகள் தாமே ஏறிப்போகும்.

கொதிக்கும் சாற்றில் சிக்கல் இன்னும் நுட்பமானது. கொதிநிலையில் நீரின் ஆவியழுத்தம் காற்றழுத்தத்துக்குச் சமமாகிவிடும். காற்றுக்கடல் செய்துவந்த உதவி அங்கே பயனற்றுப்போகும்; பம்புக்கு மேலே நிற்கும் சாற்றின் உயரம் ஒன்றே துணை. உள்வழியைச் சிறிதளவு குறுக்கினாலும் சாறு பம்புக்குள்ளேயே ஆவியாகி, கூழாங்கற்களைக் குலுக்குவது போன்ற ஓசை எழும். ஆதலால் ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் வெளிவழி வால்வைத்தான் திருக வேண்டும். உள்வழி வால்வைத் தொடலாகாது. வெளிவழியை முழுதும் மூடினால்கூடக் காந்தப் பம்பு சிறிது நேரம் பொறுத்துக்கொள்ளும். வறண்டு ஓடினால் மட்டும் பொறுக்காது. உள்ளே தேய்மானம் கண்டுவிடும். ஓட்டம் மெல்ல மெல்லக் குறைந்தால் ஹாப்ஸ் சக்கை அடைத்திருக்கிறதா என்றும், சூட்டில் இளகிய குழாய் உள்வழியில் சப்பிப்போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மோட்டாரின் மேல் சாறு சொட்டாதவாறு ஒரு மறைப்பும், மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் கட்டாயம் தேவை.

வேலை முடிந்தபின் வெந்நீர் ஓடவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தலைப்பகுதியின் திருகாணிகளைக் கழற்றினால் சக்கரத்தின் பின்புறம் பிசுபிசுப்பாகச் சர்க்கரை படிந்திருப்பது தெரியும். அதைத் தேய்த்துக் கழுவி, நன்கு உலரவைத்து, அடுத்த முறை காய்ச்சும் நாளில் மீண்டும் பூட்டுகிறார்கள்.